அம்பாசடருக்குள் ஏரி அமைப்பது எப்படி?

தேவையான பொருட்கள்: ஐம்பது வயதைத் தொட்ட அம்பாசடர் ஒன்று. ‘அதை அப்படியே விட்டுடுப்பா’ என்று சொல்லும் அப்பா ஒருவர். அவர் பேச்சைக் கேட்காத மகன் ஒருவன். கிரைண்டர், வெல்டிங் செட், பட்டி இரண்டு டப்பா, மீன் தொட்டிக்குக் காற்றுவிடும் பைப் பத்து மீட்டர். வடகிழக்குப் பருவமழை, தேவையான அளவு.

இதை விண்டேஜ் கார் என்று அழைக்கலாமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. ஆசாரக்காரர்கள் 1930க்குப் பிறகு பிறந்த எதையும் அந்தப் பந்தியில் உட்கார விட மாட்டார்கள். எங்கள் நங்கநல்லூரில் சட்டம் வேறு. தெருவில் போகும்போது பையன்கள் செல்போனை எடுத்தால் அது விண்டேஜ். மூக்கைப் பொத்திக்கொண்டால் பழைய வண்டி. எங்களுடையது இரண்டுக்கும் நடுவே இருந்தது. அதை முதல் வகைக்கு உயர்த்தலாம் என்று நினைத்ததில்தான் இந்தக் கையேடு பிறந்தது.

வண்டி 1969ஆம் வருடத்து மார்க் 2. முன்னால் சோபா மாதிரி ஒரே நீள சீட், ஸ்டீயரிங்கை ஒட்டிக் கை கியர். அப்பா வாங்கிய நாளிலிருந்து அதில் ஒரே ஒரு ஒழுக்கு. மழை பிடித்தால் ஓட்டுகிறவரின் வலது பாதத்தில், சுண்டுவிரலுக்கும் பக்கத்து விரலுக்கும் நடுவே, அரை நிமிஷத்துக்கு ஒரு சொட்டு விழும். குறி தப்பவே தப்பாது. அப்பா வலது காலில் துணிக்கடைப் பை ஒன்றைக் கட்டிக்கொண்டு ஆக்சிலரேட்டரை மிதிப்பார். அந்தச் சொட்டோடு இருபத்தெட்டு வருஷம் குடித்தனம் நடத்தினார். “அது எங்க இருக்குன்னு நமக்குத் தெரியும். விரட்டினா எங்க போய் உக்காருமோ” என்பார். அதை நான் முதுமையின் பயம் என்று எடுத்துக்கொண்டேன்.

வண்டியின் மேல் பழி போடுவதும் நியாயமில்லை. இங்கிலாந்தில் கவ்லியில் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரீஸ் 3 என்று பிறந்த உடம்பு அது. அதைத்தான் வங்காளத்தில் உத்தரபாராவில், 1950களின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம் வரை, அம்பாசடர் என்று பெயர் சூட்டித் தயாரித்தார்கள். இங்கிலாந்து மழை கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கிற மாதிரி. நாள் முழுக்கத் தெளிக்கும். நம் நவம்பர் மழை சமையல்காரர் அண்டாவைக் கவிழ்த்துக் கழுவுகிற மாதிரி. பன்னீர்ச் செம்புக்குக் கட்டிய வாய்க்காலில் அண்டாவைக் கவிழ்த்தால் ஒரு சொட்டு தப்பத்தான் செய்யும்.

சரி, வேலையை ஆரம்பிப்போம். முதலில், தண்ணீர் இப்போது எந்த வழியாகப் போகிறது என்று பார்க்கவே பார்க்காதீர்கள். பார்த்தால் மனசு மாறிவிடும். நான் பார்க்காததில் முக்கியமானது கதவு. காரின் கதவு தண்ணீர் புகாத பெட்டி என்று நாற்பத்தாறு வயது வரை நம்பியிருந்தேன். அது புகுவதற்காகவே செய்த பெட்டி. கண்ணாடி இறங்கி ஏற வேண்டும் என்றால் மேலே ஒரு பிளவு வேண்டும். கண்ணாடியில் வழியும் மழை அந்தப் பிளவில் இறங்கி, கதவின் வயிற்றுக்குள் உட்பக்கமாக ஓடி, அடிவிளிம்பில் இருக்கும் சின்னச் சின்ன ஓட்டைகள் வழியே தெருவுக்குப் போய்விடும். எல்லாக் காரிலும் இப்படித்தான். நேற்று ஷோரூமிலிருந்து வந்த காரிலும் இப்படித்தான்.

இதைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே செய்ய வேண்டிய காரியம், துருப்பிடிக்காமல் இருக்க வண்டிக்கு அடியில் கறுப்புப் பூச்சு அடிப்பது. அடிப்பவரிடம் ‘கஞ்சத்தனம் பண்ணாதீங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் போதும். எனக்கு அடித்தவர் தாராளப் பிரபு. கதவின் அடிவிளிம்பு, அதிலிருந்த ஓட்டைகள், ஓட்டைக்குள் ஓட்டை என்று ஒன்றையும் விடாமல் தோசைக்கு எண்ணெய் விடுகிற மாதிரி சுற்றி வந்தார். அடுத்த மழைக்குப் பிறகு, பிரேக் போடும்போதெல்லாம் நான்கு கதவிலும் களக், களக் என்று சத்தம். இளநீர்க் கடைக்காரர் ஒருவர் சிக்னலில் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டார். “உள்ள நல்லாத் தண்ணி இருக்கு சார்” என்றார்.

இந்த நிலையில் கதவை இரண்டு மழைக்காலம் வைத்திருந்தால், வெளியே இருந்து வராத துரு உள்ளே இருந்து வரும். இரும்பைவிடத் துருவுக்குப் பல மடங்கு இடம் வேண்டும், அதனால் பெயின்ட் முதலில் சின்னக் கொப்புளமாக எழும்பும். அதை ‘வெயில் சூட்டுக்கு’ என்று சொல்லி ஒரு வருஷம் ஓட்டலாம்.

இனி அலங்காரம். இதில் நமக்கெல்லாம் குரு கலிஃபோர்னியாக்காரர்கள். 1952இல் ஜார்ஜ் பாரிஸ், சாம் பாரிஸ் என்ற சகோதரர்கள், பாப் ஹிரோஹாட்டா என்பவருக்காக 1951 மெர்குரி கார் ஒன்றைக் கூரை தாழ்த்தி, ஓரங்களை மழித்து, உருக்கி வார்த்த மாதிரி ஆக்கிக் கொடுத்தார்கள். படத்தைப் பார்த்தால் இன்றைக்கும் கை பரபரக்கும். கைப்பிடியை மழித்து, விளக்கை உள்ளே புதைத்து, ஆன்டெனாவைக் குழிக்குள் இறக்கி, கூரையோரத் தாவாரத்தைச் சீவி எறிகிற அந்தக் கலை முழுவதும் அந்தப் பக்கத்து ஒர்க்‌ஷாப்களில் செழித்தது. படத்தில் தெரியாத விவரம் ஒன்று உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸில் வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் மழை சுமார் 370 மில்லிமீட்டர்தான். சென்னையில் சுமார் 1400. அதில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். மொட்டை அடிப்பதற்கு முன்னால் ஊரில் பனி உண்டா என்று விசாரிக்கிற வழக்கம் நமக்குக் கிடையாது.

தாவாரம் என்று சொன்னேனே, அது எங்கள் டிங்கர் பாய் வைத்த பெயர். கதவுகளுக்கு மேலே கூரையின் ஓரமாக ஓடுகிற, விரல் நுனி அகலமுள்ள தகட்டு வாய்க்கால். கூரையில் விழும் மழையை வாங்கி முன்னும் பின்னும் கொண்டுபோய் இறக்கிவிடும். அது எனக்குக் கிழவர் வைத்த மீசை மாதிரி தெரிந்தது. எடுத்துவிடச் சொன்னேன்.

பாய் கிரைண்டரைக் கையில் எடுக்கவில்லை. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, தாவாரத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினார். “தம்பி, இது அழகுக்கு வெச்சது இல்ல. கூரைத் தகடும் பக்கத்துத் தகடும் கை கோத்து நிக்கிற இடம். வெட்டுனா ரெண்டும் பிரிஞ்சு நிக்கும்.”

“வெல்டு வெச்சு சேத்துடலாமே பாய்?”

“சேக்கலாம். இங்க ஒரு பொட்டு, அங்க ஒரு பொட்டுன்னு தள்ளித் தள்ளி வெக்கணும். ஒரே இழுப்பா இழுத்தா சூடு தாங்காது, கூரை அப்பளமாப் பொரிஞ்சிடும். நாள் ஆவும். செஞ்சு குடுத்துடறேன். ஆனா மழைக்கு என்ன பதில் சொல்லுவீங்க?”

இந்தக் கேள்விக்கு, ‘அது அப்புறம் பாத்துக்கலாம் பாய்’ என்று பதில் சொல்ல வேண்டும். காரை அலங்கரிக்கும் கலையில் மிக முக்கியமான வாக்கியம் இது. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பாய் பதினோரு நாள் எடுத்துக்கொண்டார். பொட்டுப் பொட்டாக வைத்து, தேய்த்து, பட்டி பூசி, மறுபடி தேய்த்து, கூரை முட்டை ஓடு மாதிரி வழவழவென்று வந்தது. தெருவே வந்து தடவிப் பார்த்தது. அக்டோபர் மூன்றாம் வாரம் முதல் மழை. வண்டியை மண்டப வாசலில் நிறுத்தி, என் மனைவி பட்டுப்புடவையோடு கதவைத் திறந்தாள். கூரை முழுவதும் காத்திருந்த தண்ணீர், வாய்க்கால் போன இடம் தெரியாமல் கதவு இடுக்கில் வரிசையில் நின்றிருந்தது போலும். திறந்ததும் மொத்தமாக மடியில் இறங்கியது. “ஏங்க” என்றாள். அந்த ஒரு சொல்லுக்குள் எத்தனை பக்கம் இருக்கிறது என்று கல்யாணமானவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்குப் பரிகாரம் ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் கிடைக்கிறது. பின்புறம் பசை தடவிய ரப்பர் பீடிங், மீட்டர் கணக்கில் வெட்டிக் கொடுப்பார்கள். கதவுக்கு மேலே, பழைய தாவாரம் இருந்த அதே இடத்தில், அதே நீளத்துக்கு, அதே வளைவில் ஒட்ட வேண்டும். மீசையை எடுத்துவிட்டு ஒட்டு மீசை வாங்கி வைத்துக்கொள்கிற கதைதான். இதுவும் சித்திரை வெயிலில் ஒரு முனை கழன்று தொங்கும். அப்போது வண்டிக்கு ஒரு பக்கம் சீன மீசை.

அடுத்தது ஆன்டெனா. முன் மட்கார்டில் குச்சி மாதிரி நிற்கிற ஆன்டெனாவைப் பிடுங்கி, மட்கார்டுக்குள் சாய்வாக ஒரு குழாயைப் புதைத்து, அதன் அடியிலிருந்து ஆன்டெனா எட்டிப் பார்க்கிற மாதிரி அமைப்பது கலிஃபோர்னியா முறை. மிக அழகு. வானத்தைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு நிற்கும் குழாய் அது என்பதுதான் சின்னக் குறை. அடியில் ஒரு துளை போட்டு, அதற்கு ஒரு பைப் மாட்டி, சக்கரத்துக்குப் பின்னால் மண் வாரி அடிக்காத இடமாகப் பார்த்து வெளியே விட வேண்டும். நாங்கள் விட்டோம். மீன் தொட்டி பைப் விட்டோம். அதன் உள்வாய் ஒரு வேப்பிலைக் காம்பு அளவு. எங்கள் வாசலில் வேப்பமரம். இரண்டையும் கூட்டிப் பார்க்கிற கணக்கு எனக்கு அப்போது தோன்றவில்லை.

நவம்பர் கடைசியில், கொசுப்புழு பார்க்க மாநகராட்சியிலிருந்து வருகிற அம்மா வந்தார். பூந்தொட்டித் தட்டு, ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் டிரே, மொட்டை மாடியில் கிடந்த தேங்காய்ச் சிரட்டை எல்லாம் பார்த்து முடித்துவிட்டுப் போகிற போக்கில் வண்டியருகே நின்றார். டார்ச்சை ஆன்டெனா குழிக்குள் அடித்தார். பையிலிருந்து சின்னக் கரண்டி ஒன்றை எடுத்து மொண்டு, உள்ளங்கையில் ஊற்றி, என் முகத்துக்கு நேரே நீட்டினார். நெளிந்துகொண்டிருந்தன.

“இது என்ன சார் இது?”

“ஆன்டெனாம்மா. குழி மாதிரி வெச்சா அழகா இருக்கும்னு...”

“டெங்குக் கொசு நல்ல தண்ணியிலதான் சார் முட்டை வைக்கும். ஒரு வாரம் தேங்கினாப் போதும். டயர்ல பாத்திருக்கேன், ஆட்டுக்கல்லுல பாத்திருக்கேன். கார் மூக்குல இப்பதான் பாக்கறேன்.” நோட்டில் எழுதும்போது எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தார். கடைசியில் ‘இதர பாத்திரங்கள்’ என்று போட்டுக்கொண்டார்.

வண்டிக்கு ஏ.சி. வைக்கிறவர்களுக்கு ஒரு வரி: கூலிங் காயிலில் சொட்டும் தண்ணீருக்குத் தனி பைப் வேண்டும். அதை மறந்தால் மழை இல்லாத மே மாதத்திலும் ஏரி வற்றாது. மேலே போவோம், மேலே என்றால் கூரை.

கூரையில் கண்ணாடி ஜன்னல் வைக்காத அம்பாசடர் அம்பாசடரே இல்லை என்று 2020இல் எனக்குத் தோன்றியது. ஊரடங்கில் தோன்றிய எண்ணங்களில் இது ஒன்றும் மோசமானதல்ல; சிலர் ரொட்டி சுட்டார்கள். புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடையில் ஏதோ ஒரு வெளிநாட்டுக் காரின் சன்ரூஃப் முழு செட்டாகக் கிடைத்தது. பாய் கூரையில் சாக்பீஸால் செவ்வகம் போட்டார். அப்பா பால்கனியிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய் டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினார்.

சன்ரூஃப் பற்றி யாரும் சொல்லாத ரகசியம் இது: அது தண்ணீரைத் தடுக்காது. கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பெரும்பாலான மழையைத்தான் நிறுத்தும். மீதி உள்ளே வரும் என்று தெரிந்தே செய்திருக்கிறார்கள். கண்ணாடிக்குக் கீழே நான்கு பக்கமும் ஒரு தட்டு, அதன் நான்கு மூலையிலும் நான்கு குழாய். முன்னிரண்டும் முன்கண்ணாடித் தூண் வழியே, பின்னிரண்டும் பின்கூரைத் தூண் வழியே இறங்கித் தரையைப் பார்க்க வேண்டும். வழியில் எங்கும் மேலேறி இறங்கக் கூடாது. ஏறி இறங்கினால் அந்தப் பள்ளத்தில் தண்ணீர் நின்று, தூசி சேர்ந்து, சேறாகி அடைத்துக்கொள்ளும். வளைவில் பைப் நசுங்கவும் கூடாது. கடைசி முனை வண்டிக்கு வெளியே இருக்க வேண்டும். ‘வெளியே’ என்ற சொல்லை இரண்டு முறை படியுங்கள். நான் ஒரு முறைதான் படித்தேன்.

எங்கள் முன்குழாய்கள் தூணுக்குள் அருமையாக இறங்கின. தூணின் அடியில், கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடுகிற பெட்டிச் சட்டம் இருக்கிறது. குழாயின் நுனி அதற்குள் போனதும் கண்ணுக்கு மறைந்தது. மறைந்தது வெளியே போனதற்குச் சமம் என்று வைத்துக்கொண்டோம். அம்பாசடருக்கு லாரி மாதிரி தனியாக ஒரு சேஸிஸ் கிடையாது. உடம்பேதான் எலும்பு, அந்தப் பெட்டிச் சட்டம்தான் முதுகெலும்பு. வருஷத்துக்கு நாற்பது மழை என்று வைத்துக்கொண்டாலும், முதுகெலும்புக்குள் நேரடியாக நீர் பாய்ச்சும் திட்டத்தை உத்தரபாராவில் யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். ஒரு நாள் பஞ்சர் ஒட்டுகிற பையன் ஜாக்கி வைத்துத் தூக்கினான். ஜாக்கி மட்டும் மேலே போனது.

பின்குழாய்களின் கதை வேறு. அவற்றை பாய் இல்லாத நாளில் நானே மாட்டினேன். கிளிப் போடவில்லை. ஒன்று கூரைத் துணிக்குள்ளேயே கழன்று கிடந்திருக்கிறது. இன்னொன்று வளைவில் நசுங்கி அடைபட்டிருக்கிறது. ஆக, தட்டில் விழும் தண்ணீர் பின்பக்கம் இறங்க வழியில்லாமல் கூரைத் துணிக்கு மேலேயே குளமாக நிற்கும். சமதரையில் ஓட்டும்வரை தெரியவே தெரியாது. குளத்துக்கு ஒரு சரிவு தேவைப்பட்டது.

பழவந்தாங்கல் சுரங்கப்பாதையைத் தெரிந்தவர்களுக்கு மீதிக் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: ரயில் பாதைக்கு அடியில் இறங்கி ஏறுகிற குறுகிய வழி. அன்று மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது, வெயில்கூட எட்டிப் பார்த்தது. மாமனார் இஸ்திரி போட்ட வேட்டி சட்டையில், நெற்றியில் விபூதியோடு, முன்சீட்டில் என் இடப்பக்கம். சீமந்தத்துக்குப் போகிறோம். வண்டி சுரங்கப்பாதைக்குள் மூக்கைக் கவிழ்த்தது. முன்னால் போன ஆட்டோ நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். அன்று காலையில் பெய்த மழை முழுவதும் கூரைத் தட்டில் முன்னோக்கி ஓடிவந்து, விளிம்பு தாண்டி, டோம் லைட்டின் ஓட்டை வழியாக மாமனாரின் உச்சந்தலையில் ஒரே கொட்டாகக் கொட்டியது. முதலில் விபூதி கரைந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, யாரோ அபிஷேகம் பண்ணுகிற மாதிரி அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு கண்ணைத் திறந்து வெயிலைப் பார்த்தார். “என்ன மாப்ளே, உள்ளதான் பெய்யுதா?” என்றார்.

இந்த இடத்தில் சட்டத்தையும் கொஞ்சம் தொட்டுவிடுவோம், கையேடு என்றால் சட்ட ஆலோசனையும் வேண்டுமல்லவா. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆவது பிரிவு, தயாரித்தவர் கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. அதைவிடக் கசப்பானது 2021 ஜூலையில் வந்தது. ஐம்பது வயது தாண்டிய வாகனங்களை விண்டேஜ் என்று பதிவு செய்துகொள்ளலாம், கட்டணம் 20,000 ரூபாய், நம்பர் பிளேட்டில் ‘வி.ஏ.’ என்று கம்பீரமான இரண்டு எழுத்து. எங்கள் 1969 வண்டிக்கு வயசு சரியாகப் பொருந்தியது. அறிவிப்பை அப்பாதான் பேப்பரில் பார்த்துச் சத்தமாகப் படித்தார். நிபந்தனை: வண்டி அதன் அசல் உருவத்தில் இருக்க வேண்டும், உடம்பிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. படித்து முடித்துப் பேப்பரை மடித்து, என் மடியில் வைத்துவிட்டுக் காபி குடிக்கப் போனார். அப்படிப் பதிந்த வண்டியைத் தினசரி ஓட்டக் கூடாது, கண்காட்சிக்கும் பேரணிக்கும் பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் மட்டும் எடுக்கலாம் என்றும் அதில் இருந்தது. எங்கள் வண்டி எந்தச் சான்றிதழும் இல்லாமலே அந்தக் கடைசி விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்து வந்தது.

மாமனார் சம்பவத்துக்குப் பிறகு, ஒழுக்கைக் கண்டுபிடிக்கும் படலம். இதில் நாம் செய்வது: ஓஸ் பைப்பை முழு வேகத்தில் திறந்து, கூரையிலிருந்து கீழ்நோக்கி எல்லாவற்றையும் ஒரேயடியாக நனைத்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்ப்பது. உள்ளே எல்லாமே நனைந்திருக்கும். அதிலிருந்து, வண்டி நனைந்திருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். பாய் செய்தது நேர் எதிர். கார்பெட்டை எடுத்துவிட்டுத் தரையெங்கும் பழைய தினசரியை விரித்தார். உள் ஓரங்களில் என் மகளின் முகப் பவுடரைத் தூவினார். மகளை டார்ச்சோடு உள்ளே உட்காரவைத்து, தண்ணீரை மெதுவாக, கீழிருந்து ஆரம்பித்தார். முதலில் கதவின் அடி, ஐந்து நிமிஷம். பிறகு கண்ணாடியின் கீழ் ரப்பர். பிறகு மேலே. ஒவ்வொரு கட்டத்திலும் ‘பாப்பா, எதுனா தெரியுதா?’ என்று குரல் கொடுத்தார். கீழே அடிக்கும்போது வராமல் மேலே போகும்போது மட்டும் வந்தால், வழி எங்கே என்று தானாகத் தெரிந்துவிடும்.

“சொட்டுற இடத்தப் பாக்காதீங்க தம்பி” என்றார். “தண்ணி பூந்த எடத்துல விழாது. ஒயரப் புடிச்சு நடக்கும், துணியப் புடிச்சு நடக்கும், தகட்டுக்கு அடியில தலகீழாவே ஒட்டிக்கினு போவும். எங்க கை விடுதோ அங்கதான் விழும்.” ஸ்டீயரிங்குக்குக் கீழே வயர்க்கட்டு ஒன்றைத் தொட்டுக் காட்டினார். நுனியில் ஒரு சொட்டு நின்றது. அப்பாவின் சொட்டு. முன்கண்ணாடி ரப்பரின் இடது மூலையில் புகுந்து, டேஷ்போர்டுக்குப் பின்னால் வண்டியின் முழு அகலத்தையும் வயர் வழியே நடந்து கடந்து, வலப்பக்கம் வந்து இறங்கியிருக்கிறது. ரப்பர் மாற்றினால் தீர்ந்திருக்கும் வேலை. கூரையை வெட்டிய பிறகு தெரிந்தது.

தரையை அப்போதுதான் முதல் முறையாக உற்றுப் பார்த்தேன். சத்தம் வராமல் இருக்க நான் ஒட்டியிருந்த தார் ஷீட், அதன் மேல் போட்டிருந்த ஸ்பாஞ்ச், அதற்கும் மேல் கார்பெட், மூன்றும் சேர்ந்து ஈரத்தை அடைகாத்து வைத்திருந்தன. மாமனார் கால் வைக்கும் இடத்தில், பாய் விட்டதும் சேர்ந்து, கணுக்கால் அளவு தண்ணீர். பாய் ஸ்க்ரூ டிரைவரால் தார் ஷீட்டைக் குத்திக் கிழித்து, தரையின் பள்ளமான இடத்தில் எதையோ நெம்பினார். வட்டமான ரப்பர் மூடி ஒன்று டப்பென்று வெளியே வந்தது. ஏரி உடைந்த மாதிரி தண்ணீர் சுழித்துக்கொண்டு இறங்கி, ஒர்க்‌ஷாப் தரையில் ஓடியது. பத்து ரூபாய்க் காசைவிடக் கொஞ்சம் பெரிய ஓட்டை. கம்பெனிக்காரர்களே கொடுத்திருந்த வடிகால். நான்கு வருஷமாக அதன் மேல்தான் நான் தார் ஒட்டியிருந்தேன்.

“இனிமே மூடவே வேணாம் பாய், திறந்தே இருக்கட்டும்” என்றேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ‘அது அப்புறம் பாத்துக்கலாம்’ என்று நான் முந்திக்கொண்டேன்.

ஆகவே உங்களுக்கு என் கடைசிக் குறிப்பு. ஓட்டைக்குத் திசை தெரியாது. உள்ளே நிற்பதை வெளியே விடுகிற அதே வழி, தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் அதை உள்ளே கொண்டுவரும். இதற்கென்றே வாத்து மூக்கு மாதிரி நுனி சப்பிய ரப்பர் குழாய் இருக்கிறது; மேலிருந்து கனம் இறங்கினால் வாயைத் திறக்கும், கீழிருந்து வந்தால் மூடிக்கொள்ளும். அது கிடைக்காவிட்டால் பழைய ரப்பர் மூடியையாவது பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் மூடியை என் மகள் கை கழுவும் தொட்டிக்குப் போட்டுவிட்டாள். அதற்கு அளவெடுத்த மாதிரி பொருந்திவிட்டதால் இனி வராது. போன மழையில் அதே சுரங்கப்பாதையில், முன்சீட்டுக்குக் கீழே குற்றாலம் தலைகீழாகக் கிளம்பியது. மகள் செருப்பை வைத்து அழுத்திப் பார்த்தாள், நிற்கவில்லை. கட்டைவிரலும் போதவில்லை. அந்த ஓட்டைக்குச் சரியாக அடைகிற மாதிரி குதிகால் எங்கள் குடும்பத்தில் மாமனாருக்குத்தான் இருக்கிறது. அவர் இப்போதெல்லாம் ஆட்டோவில் போகிறார்.